செசில் கடற்கரையில் எடுக்காத கல்

இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள வேமத்தில் பஸ் ஏறி ஃபெர்ரிபிரிட்ஜில் இறங்கினேன். ஜூன் மாதம்தான், ஆனாலும் ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியவில்லை. செசில் கடற்கரையில் மணல் கிடையாது. 29 கிலோமீட்டருக்கு வெறும் கூழாங்கல் மேடு. இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்குகிறது.

ஆங்கில எழுத்தாளர் இயன் மெக்யூவனின் ‘ஆன் செசில் பீச்’ (2007) நாவலைப் படித்த நாளிலிருந்தே இங்கே வர ஆசை. போர்ட்லண்ட் பக்கம் கோழிமுட்டை அளவில் இருக்கும் கற்கள், மேற்கே போகப்போகச் சிறுத்துப் பட்டாணி ஆகிவிடும். இரவில் கரையேறும் மீனவர்கள் கல்லின் அளவை வைத்தே இடத்தைச் சொல்லிவிடுவார்களாம். நாவலில் வரும் புதுமணத் தம்பதி அதைச் சோதித்துப் பார்க்கத் திட்டம் போட்டிருப்பார்கள். 1962, தேனிலவு. அந்த ஒரே இரவில், இதே கரையில், எல்லாம் முறிந்துபோகும். அவள் விலகிப் போகிறாள், அவன் கூப்பிடவில்லை. படித்தபோது சட்டென்று முடிந்துவிட்டதாகத் தோன்றியது. நடந்து பார்த்தால்தான் தெரிகிறது, இந்தக் கல்லில் யாராலும் வேகமாகப் போக முடியாது. பாவி, கூப்பிட அவனுக்கு எவ்வளவு நேரம் இருந்திருக்கிறது!

ஒரு சாம்பல் நிறக் கல்லைப் பையில் போடப் போனேன். அப்புறம் மெக்யூவன் கதை நினைவுக்கு வந்தது. இங்கிருந்து சில கற்களை எடுத்துப்போனதாக அவரே வானொலியில் சொல்லிவிட, 2,000 பவுண்ட் அபராதம் வரும் என்று உள்ளூர் மன்றம் எச்சரித்தது. மனிதர் கற்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நானும் கீழே போட்டேன்.

1975இல் வந்த முதல் சிறுகதைத் தொகுப்பின் குரூரத்தைப் பார்த்து, மெக்யூவனுக்கு ‘இயன் மெக்காபர்’ (மெக்காபர் என்றால் கோரம்) என்று பட்டப்பெயரே வைத்தார்கள். அங்கிருந்து இந்தக் கூச்ச சுபாவத் தம்பதிக்கு எப்படி வந்தார்? நடுவில் பழைய ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் இருக்கிறார் என்பது என் கணக்கு. மெக்யூவனின் ‘அடோன்மென்ட்’ (2001) நாவலின் முகப்பிலேயே ஆஸ்டினின் ‘நார்தாங்கர் அபி’ நாவலிலிருந்து ஒரு மேற்கோள்தான். கடைசியில் கதை நடக்கும் மாளிகை ஓட்டலாகும்போது அதன் பெயர் டில்னி. ‘நார்தாங்கர் அபி’ கதாநாயகன் பெயர் அது!

சரி, ஆஸ்டினையும் பார்த்துவிடலாம் என்று மறுநாள் லைம் ரீஜிஸ் போனேன். அவருடைய ‘பெர்சுவேஷன்’ நாவலில் லூயிசா குதித்து விழும் காப் அலைதடுப்புச் சுவர் அங்கேதான். சுவரிலிருந்து துருத்தி நிற்கும் கற்படிகளுக்குப் ‘பாட்டியின் பற்கள்’ என்று பெயர். கைப்பிடி கிடையாது. நான் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினேன்.