மொட்டைமாடிச் சிலம்பக்கூடம்: கணக்கும் கம்பும்

ஜூன் 8, 2025, ஞாயிறு
பள்ளி திறந்துவிட்டது, சேர்க்கை வருகிறது. தலைக்கணக்கை இப்போதே போட்டுவிட வேண்டும். மாடி 40-க்கு 30 அடி. கம்பை நடுவில் பிடித்துச் சுழற்றும் பிள்ளைக்கு ஏழடிச் சதுரம் போதும். வரிசைக்கு ஐந்து பேர், நான்கு வரிசை, மொத்தம் 20 பேர் நிற்கலாம். மூன்றாம் மாதம் முனையைப் பிடித்து வீச ஆரம்பித்ததும் இந்தக் கணக்கு கவிழும். நாலரை அடிக் கம்போடு கை நீளமும் சேர்ந்தால் வீச்சு ஆறடி எட்டும். ஆளுக்கு ஆள் 12 அடி இடைவெளி வேண்டும், ஆகவே அதே மாடியில் ஆறே பேர். மாதம் ஆளுக்கு 500 ரூபாய் என்றால் ஆறு பேர் கட்டணத்தில் வாடகைகூடத் தேறாது.

வழி ஒன்றுதான். நடுவே கயிறு கட்டி, 24-க்கு 24 அடியில் நான்கு பேர் வீச வேண்டும். மீதி 16 பேரும் இந்தப் பக்கம் வெறுங்கையோடு காலடி (கால் வைக்கும் முறை), வீடு கட்டுதல் (அந்தக் காலடிகளை வைத்துக் களத்தில் நகர்தல்). பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றினால் 50 நிமிடத்தில் எல்லோருக்கும் ஒரு சுற்று வந்துவிடும். "பிள்ளை சும்மாவே நிக்குதே" என்று பெற்றோர் கேட்பார்கள். காலடிதான் பாடம் என்று சேர்க்கும் அன்றே சொல்லிவிடுவது நல்லது.

கைப்பிடிச் சுவருக்கு மேல் எட்டடி உயரத்துக்கு நைலான் வலை. வியர்த்த கையிலிருந்து நழுவும் கம்பு நேரே தெருவில்தான் போய் விழும்.

ஜூன் 22, ஞாயிறு
தரையில் நட்டால் கம்பு புருவத்துக்கு வர வேண்டும். வளரும் பிள்ளைக்கு அரையடி கூட்டி வாங்கி வெட்டிக்கொள்ளலாம். குட்டைக் கம்பை நீட்ட முடியாது. சிறுவர்களுக்குப் பிரம்பு. மூங்கில் என்றால் ஒவ்வொன்றையும் தரையில் தட்டிப் பார்த்தே எடுக்க வேண்டும். நல்லது கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது சளசளக்கும். சிராய் உள்ளங்கையில் ஏறினால் அந்தப் பிள்ளை ஒரு வாரம் வராது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு
சுவரில் சாய்த்து வைத்த ஏழு பிரம்புகள் வளைந்துவிட்டன. வளைந்த இடத்தை மட்டும் சிறு தீயில் காட்டி, உருட்டிக்கொண்டே சூடேற்ற வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தினால் கருகி, அடுத்த அடியில் அங்கேயே முறியும். இளகியதும் ஜன்னல் கம்பிகளுக்கிடையில் கொடுத்து எதிர்ப்பக்கம் கொஞ்சம் அதிகமாகவே வளைத்துப் பிடித்து, ஆறிய பிறகுதான் கையை எடுக்க வேண்டும். இனிமேல் படுக்கைவாட்டில்தான் அடுக்க வேண்டும்.

அக்டோபர் 19, ஞாயிறு
மழை. பாசி பிடித்த மாடியில் வீச்சு கிடையாது. வாடகை அறையின் உயரம் பத்தடி, அதிலும் மின்விசிறி தொங்குகிறது. கம்பில்லாமல் கையால் பழகும் குத்துவரிசை மட்டும். மழை நாளுக்குக் கட்டணக் கழிவு கேட்பார்கள் என்பதால், ஈடு வகுப்பு ஞாயிறு காலை என்று சேர்க்கைச் சீட்டிலேயே அச்சடித்திருக்க வேண்டும்.

நவம்பர் 2, ஞாயிறு
2021-ல் அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்ந்ததிலிருந்து சான்றிதழ் பற்றித்தான் முதல் கேள்வி. எல்லாப் போட்டிச் சான்றிதழும் செல்லாது. நுழைவுப் பணம் வசூலிக்கும் முன்பே, நடத்தும் சங்கத்துக்கு அங்கீகாரம் உண்டா என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். பிறகு கேட்டால் பழி கூடத்தின் மேல்தான்.

டிசம்பர் 7, ஞாயிறு
அரையாண்டுத் தேர்வு, பாதிப்பேர் வரவில்லை. அடுக்குக்குக் கீழே மாவு போலத் தூசி. இரண்டு மூங்கிலில் வண்டுத் துளை. அவற்றை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றுக்கு வேப்பெண்ணெய் பூசி நிழலில் கிடத்தியாயிற்று.