கோடாய் பொறந்த ஸ்டேஷன்ல எறங்கினேன்

மொதல்ல அந்த டாக்ஸிக்காரர் கதைய சொல்லிடறேன், இல்லாட்டி மனசு ஆறாது. புடாபெஸ்ட் ஏர்போர்ட் வாசல்லயே பெட்டிய கையில இருந்து வாங்கிட்டார், மீட்டர் போடுங்கன்னேன், தலைய ஆட்டினார், எறங்குறப்ப 20,000 ஃபோரிண்ட்! நம்ம காசுக்கு கிட்டத்தட்ட 5000 ரூபா. 100இ பஸ் நேரா ஊருக்குள்ள போகுது, இதுல கால்வாசி கூட ஆகாது. போறவங்க தயவுசெஞ்சு அதுல போங்க.

நான் போனது ஸோல்தான் கோடாய்க்காக, பசங்களுக்குப் பாட்டு சொல்லித் தர ஒரு வழி காட்டின ஹங்கேரி கம்போஸர். சர்ச் கொயர்ல சோல்ஃபா (டோ-ரே-மீன்னு ஸ்வரத்த எழுதுற முறை) பாத்துப் பாடி வளந்தவ நான், இப்ப சின்னப் பசங்களுக்குப் பாட்டு சொல்லித் தரேன், அதனால ரொம்ப நாள் ஆசை.

புடாபெஸ்ட் ஆந்த்ராஷி ரோட்டுல அவர் 1924ல இருந்து 1967ல சாகுற வரைக்கும் இருந்த வீடு இப்ப மியூசியம். பியானோ, புத்தகம், கிராமத்து மண்பாண்டம். 1905லயே கிராமம் கிராமமாப் போய்ப் பாட்டு சேகரிக்க ஆரம்பிச்ச மனுஷன், அப்புறம் இன்னொரு ஹங்கேரி கம்போஸர் பார்டோக்கும் இவரும் ஃபோனோகிராஃபத் (பழைய ரெக்கார்டிங் மெஷின்) தூக்கிட்டு அலைஞ்சிருக்காங்க. அந்தப் பழைய ஹங்கேரி பாட்டுல பலதும் அஞ்சு ஸ்வரம்தான், கேட்டா அப்படியே நம்ம சுத்த தன்யாசி ராகம்! எனக்குப் புல்லரிச்சிருச்சு.

அடுத்த நாள் ட்ரெய்ன்ல கெச்கெமேத். 1882 டிசம்பர் 16ல கோடாய் பொறந்தது இந்த ஊர் ரயில்வே ஸ்டேஷன்லயேதான், அப்பாவுக்கு ரயில்வே வேலை. ஊருக்குள்ள பழைய ஃபிரான்சிஸ்கன் மடத்துல 1975ல இருந்து கோடாய் இன்ஸ்டிடியூட் நடக்குது. 1950ல தினமும் பாட்டு கிளாஸ் வெச்ச மொதல் ஆரம்பப் பள்ளிக்கூடம் தொடங்கினதும் இதே ஊர்லதான்.

சால்முஸ் ஹுங்காரிகுஸ் (1923) மாதிரி பிரமாண்டமான கோரஸ் எழுதி நல்ல பேர் வாங்கின ஆள், 1925 வாக்குல டீச்சர் ட்ரெய்னிங் பொண்ணுங்க சிலர் பாடுன தரம் கெட்ட பாட்டுங்களக் கேட்டு நொந்துபோய், இவங்கதான நாளைக்குக் குழந்தைங்களுக்குச் சொல்லிக்குடுக்கப் போறாங்கன்னு பசங்களுக்கே கோரஸ் எழுத உக்காந்துட்டார். பெரிய கம்போஸர் எத்தன பேர் இதச் செய்வாங்க? வாத்தியம் வாங்க வசதி இல்லாத வீட்டுலயும் குரல் இருக்குல்ல, அதுலதான் ஆரம்பிக்கணும்னு கடைசி வரைக்கும் சொன்னார். அவர் முறையில ஸ்வரத்தக் கையால காட்டுற முத்திரை இங்கிலாந்து பாட்டு வாத்தியார் கர்வெனோடது, டோ-ன்னா மூடின முஷ்டி, மீ-ன்னா படுக்கை வாட்டுல உள்ளங்கை. டோ எந்த சுருதியிலயும் நிக்கலாம், நம்ம ஸ மாதிரியே. இதெல்லாம் அவர் கண்டுபிடிச்சது இல்ல, ஆனா நாட்டுப்பாட்டோட சேத்துக் கோத்தது அவரும் அவர் சிஷ்யங்களும்.

சாப்பாடு! லாங்கோஷ் சாப்பிடாம வராதீங்க. நம்ம பட்டூரா மாதிரி எண்ணெயில பொரிச்ச மாவு, மேல பூண்டுத் தண்ணி, புளிச்ச க்ரீம், துருவின சீஸ் மலையாட்டம். சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடணும், ஒண்ணு போதும், ராத்திரி வரைக்கும் பசிக்கல, டாக்ஸில போன காசுல கொஞ்சம் மீண்ட மாதிரி இருந்துச்சு.

கடைசி நாள் மிச்சம் இருந்த ஃபோரிண்ட்ட எண்ணிப் பாத்து, டின்னர விட்டுட்டு கோடாயோட பாட்டுப் புத்தகம் பிசினியா ஹுங்காரிகா மொதல் பாகம் வாங்கினேன். மொத்தம் 4 பாகம், எல்லாம் ரெண்டு குரல் பாட்டு. பியானோ வேண்டாம், ரெண்டு பசங்க போதும். திங்கக்கிழமை கிளாஸ்ல ஆரம்பிக்கறேன்.