தெண்டி, வன்னி, டிக் டிக்

அக்டோபர் 9

லேப்டாப்ல மறுபடியும் அந்த டிக் டிக். ஃபேன் சத்தம்ங்குறா தங்கச்சி. ஃபேன் எங்கயாவது இப்படி நின்னு நின்னு அடிக்குமா?

அக்டோபர் 10

மண்ணடி கம்ப்யூட்டர் கடை பாய்க்கு போன்லயே சத்தத்த கேக்க வெச்சேன். "தம்பி, மொதல்ல ஆஃப் பண்ணு. சும்மா சும்மா ஆன் பண்ணி பாக்காத, உள்ள ஹார்ட் டிஸ்க்ல ஹெட்டு தடுமாறுது, தட்டு கீறிக்கிச்சுன்னா அவ்ளோதான்"னாரு. படம் கிடம்லாம் அப்புறம், எது திரும்ப கெடைக்காதோ அத மொதல்ல இழுத்துக்கணுமாம். இதுல யோசிக்க இன்னா இருக்கு, தாத்தா பேசுனத பதிஞ்சு வெச்ச ஃபோல்டர்தான்.

அக்டோபர் 11

தாத்தா இன்னிக்கும் பேசல. கஞ்சி பாதி.

அக்டோபர் 13

ஆடியோல்லாம் பென் டிரைவுல ஏறிடுச்சு, வலை பின்ற வீடியோ மட்டும் ஏறவே இல்ல, முக்காவாசி எடம் காலியா கீது ஆனா ஃபைல் பெருசுன்னு திட்டுது, பாய்கிட்ட கேட்டா பென் டிரைவு எஃப்ஏடி32ங்குற பழைய ஃபார்மட்ல கீதாம், அதுல ஒரு ஃபைலு 4 ஜிபிக்கு மேல போவாதாம், எக்ஸ்ஃபேட்டுக்கு மாத்தணும்னா ஃபார்மட் அடிக்கணும், அடிச்சா ஏத்துனது மொத்தமும் போவும், அப்புறம் திரும்ப அந்த டிஸ்க்க சுத்த விடணும். மாட்டேன். வேற பென் டிரைவ் வாங்கிக்கலாம்.

மாமா வேற, "அதான் கூகுள் டிரைவுல கீதே, ஏன்டா பதறுற"ன்னு. போன மாசம் தங்கச்சி போன்ல எடம் இல்லன்னு அதுலேருந்து ஒரு ஃபோல்டர அழிச்சா, லேப்டாப்லயும் சேந்து காணாம போச்சு. சிங்க்னா அப்படித்தான், இங்க அழிச்சா அங்கயும் அழியும். டிராஷ்ல 30 நாள் இருக்கும்ங்குறதால பொழச்சோம்.

அக்டோபர் 14

மழை. கரண்ட் இல்ல.

அக்டோபர் 16

சித்தப்பா டிடிபி கடைல அடிச்சு குடுத்த பழைய நோட்ஸ தங்கச்சி கம்ப்யூட்டர்ல தெறந்தா ஃபுல்லா இங்கிலீஷ் எழுத்து, ஒரு வரி புரியல. பாமினி ஃபாண்ட்டாம். ஃபாண்ட்ட போட்டதும் தமிழ் வந்துடுச்சு. ராத்திரி பூரா எந்த கம்ப்யூட்டர்லயும் தெரியுற யுனிகோடுக்கு மாத்துனேன். கடல்ல தெக்கேருந்து நீரோட்டம் வந்தா தெண்டி, வடக்கேருந்து வந்தா வன்னி. பக்கத்துல உக்காந்து தாத்தாவுக்கு படிச்சு காட்னேன். வன்னின்னதும் கை லேசா அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. அம்மா இல்லங்குது.

அக்டோபர் 18

மூணு காப்பி, ரெண்டு வெதமான எடத்துல, அதுல ஒண்ணு வேற ஊட்லன்னு பாய் சொன்னாரு. வேற ஊடுன்னா எது? பெரியம்மா வியாசர்பாடி, சித்தப்பா கொருக்குப்பேட்டை. நம்மூட்டுல தண்ணி ஏற்ற அன்னிக்கு அங்க மட்டும் ஏறாதா? திருத்தணி அத்தைக்கு போன் போட்டேன். "பென் டிரைவா? அரிசி டப்பால போட்டு வெக்குறேன்"னாங்க. அத்தை, அரிசி டப்பா வேணாம்.

அக்டோபர் 19

அத்தைகிட்ட குடுக்குறதுக்கு முன்ன ஒவ்வொண்ணா ஓடவிட்டு பாக்குறேன். காப்பி ஆயிடுச்சுன்னு காட்றத நம்ப முடியாது. தாத்தா காத்து பத்தி பேசுற ஆடியோ நடுவுல நின்னுடுது. லேப்டாப்லயும் அதே எடம். வாடை அடிச்சா மொதல்ல இன்னா பண்ணுவோம் தெரியுமான்னு கேக்குறாரு, அதோட