மேடே இல்லாத ஊரில் ஒரு மேடு

பொங்கலுக்கு மாமியார் வீட்டுக்குப் போகிறவர்கள் வேட்டி சட்டையோடு போவார்கள். நான் காருக்குப் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு போனேன்.

மாமியார் வீடு வேதாரண்யம். கார் நின்றதும் தெரு கூடிவிட்டது. எதிர்வீட்டுப் பெரியம்மா சைக்கிளை இரண்டு முறை வலம் வந்தார்.

"கேரியர் எங்கே?"

"இல்லை."

"மணி?"

"இல்லை."

"மட்கார்டு? ஸ்டாண்டாவது இருக்கிறதா?"

சுவரில் சாய்த்துத்தான் வைக்க வேண்டும் என்றேன். விலை 62,000 ரூபாய் என்பதை என் மனைவி அந்த நேரம் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டாம். பெரியம்மா என் மாமியாரைக் கொல்லைப்பக்கம் அழைத்துக்கொண்டு போய், "மாப்பிள்ளைக்கு வேலை எல்லாம் இருக்கிறது இல்லையா?" என்று விசாரித்தது ஜன்னல் வழியாக எனக்குத் தெளிவாகக் கேட்டது.

சைக்கிள் வாங்கியதற்குக் காரணம் டாக்டர். அதை வேதாரண்யம் வரை தூக்கிக்கொண்டு வந்ததற்குக் காரணம் கொல்லிமலை. சென்னையில் என்னோடு ஓட்டும் நண்பர்கள் ஒரு முறை என்னை அங்கே அழைத்துப் போனார்கள். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் நான் சைக்கிளை ஒரு பாறையில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். மாலையில் அவர்கள் இறங்கி வரும்வரை அங்கேயேதான் இருந்தேன். எனக்கு ஏற்ற ஊர் எது என்று யோசிக்க அன்று நிறைய நேரம் கிடைத்தது. வேதாரண்யம் பக்கத்தில் உயரமான இடம் என்றால் கோடியக்கரைக் காட்டில் உள்ள இராமர் பாதம் மணல்மேடுதான். மூட்டுவலிக்காரரான என் மாமியாரே அதில் ஏறி இறங்கியிருக்கிறார். மற்றதெல்லாம் தட்டைத் தரை. மிதித்தால் போதும், போய்க்கொண்டே இருக்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

முதல் நாள் ஊருக்கு மேற்கே உள்ள கிராமத்துச் சாலைகளில் சுற்றினேன். அருமையான சாலைகள். இருபுறமும் தென்னையும் மாவும், நடுநடுவே முல்லைத் தோட்டங்கள். விடிகாலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறிக்கிறார்கள். ஒரே ஒரு சிக்கல், அந்தப் பக்கத்து ஊர்களில் பலவற்றின் பெயர் 'புலம்' என்று முடியும். கருப்பம்புலம், ஆயக்காரன்புலம், கத்தரிப்புலம், செட்டிப்புலம். வழி தவறி, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம், "ஐயா, புலத்துக்கு எப்படிப் போக வேண்டும்?" என்று கேட்டேன். நான்கு திசையிலும் கையைக் காட்டிவிட்டு அவர் ஆட்டின் பின்னால் போய்விட்டார். அதில் தவறும் இல்லை.

அடுத்த நாள் கோடியக்கரை. பன்னிரண்டு கிலோமீட்டருக்குள்தான். நான் உடையணிந்து வெளியே வந்ததும் மாமனார் நாளிதழை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார். உடலோடு ஒட்டிய கால்சட்டையைப் பெரியவர்கள் எதிரில் போட்டுக்கொண்டு நிற்பது எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. நாளிதழுக்குப் பின்னாலிருந்து, "மேலே ஒரு வேட்டியைச் சுற்றிக்கொண்டு போகலாமே, மாப்பிள்ளை" என்றார். சங்கிலியில் மாட்டும் என்றேன். பிறகு தென்னங்கீற்றுகளை அண்ணாந்து பார்த்து, "வாடைக்காற்று வலுத்திருக்கிறது. போகும்போது தெரியாது" என்றார். அந்த வாக்கியத்துக்கு இரண்டாம் பாதி ஒன்று உண்டு. மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் மரியாதையில் அதை அவர் விழுங்கிவிட்டார்.

போகும்போது உண்மையிலேயே தெரியவில்லை. அகத்தியம்பள்ளி தாண்டியதும் மரங்கள் ஒதுங்கி வானம் பெரிதாகிவிட்டது. இரண்டு பக்கமும் உப்பளம், அதற்கப்பால் சதுப்பு, நடுவில் கோடு கிழித்தது போலச் சாலை. மழைக்காலம் முடிந்து பாத்திகளைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். வேகமானியைப் பார்த்தேன். 36. என் வாழ்நாளில் பார்க்காத எண். மூச்சு வாங்கவில்லை. காதில் காற்று இரையவில்லை. சங்கிலி ஓடும் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. மணிக்கு 36 கிலோமீட்டரில் போகிறவன் காதில் காற்றே இல்லையென்றால் அந்தக் காற்று எங்கே போயிற்று என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் சந்தேகப்படவில்லை. டாக்டரை நினைத்துக்கொண்டேன், நண்பர்களை நினைத்துக்கொண்டேன், கொல்லிமலையை மறுபடியும் ஒரு கை பார்க்கலாமா என்றுகூட நினைத்தேன்.

தொலைவில் தண்ணீரில் பூநாரைக் கூட்டம் ஒன்று நின்றது. அத்தனை பறவைகளும் நான் வந்த வடக்குத் திசையைப் பார்த்தே நின்றன. என் வேகத்தைப் பார்த்து வியந்து நிற்கின்றன என்று எடுத்துக்கொண்டேன். பறவைகள் காற்றுக்கு முகம் காட்டித்தான் நிற்கும், பின்னால் வாங்கினால் இறகு கலைந்துவிடும் என்பதெல்லாம் அன்றைக்கு நினைவுக்கு வரவே இல்லை.

கோடியக்கரையில் ஒரு டீ, இரண்டு போண்டா. வெளிமான் கண்ணில் படவில்லை. மட்டக்குதிரைகள் இரண்டு சாலையோரம் மேய்ந்தன. அவையும் என்னைப் பொருட்படுத்தவில்லை. திரும்பினேன்.

வேகமானியில் 11. ஏதோ பிரேக் உரசுகிறது என்று இறங்கிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். அது சுகமாகச் சுற்றியது. அப்புறம்தான் முகத்தில் அறைந்தது எது என்று புரிந்தது. காற்றின் எதிர்ப்பு இருக்கிறதே, அது முகத்தில் படும் வேகம் இருமடங்கானால் நான்கு மடங்காகும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், தொடைக்கு இப்போதுதான் பாடம் வந்தது. மலை என்றால் அதற்கு ஓர் உச்சி இருக்கும். இதற்கு உச்சி எங்கே, வங்காள விரிகுடாவிலா?

கோடியக்காட்டை எட்டும்போது பின்சக்கரம் நெளிய ஆரம்பித்தது. சீமைக்கருவேல முள். பையில் கைப்பம்பு இருந்தது. இப்போதைக்குக் காற்றடித்து வீட்டுக்குப் போய்விடலாம் என்று சாலையோரம் உட்கார்ந்து அடித்தேன். இருநூறு அடி அடித்தும் ஒரு துளிக் காற்று உள்ளே போகவில்லை. பம்பு மட்டமான சரக்கு என்று முடிவு கட்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பஞ்சர் கடைக்கு வந்து சேர்ந்தேன்.

கடைக்காரர் எழுபதை நெருங்குகிறவர். எதுவும் கேட்காமல் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு நெம்புகோலைத் தளர்த்தியதும் சக்கரம் கழன்று கையோடு வந்தது அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மாட்டினார், கழற்றினார், மறுபடியும் மாட்டினார். டியூபை உருவி, வால்வின் நுனியில் இருந்த பொடிப் பித்தளைத் திருகைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தால் இரண்டு சுற்று தளர்த்தி, ஒரு அமுக்கு அமுக்கினார். மிச்சமிருந்த காற்று புஸ்ஸென்று வெளியே வந்தது.

"உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறது, தம்பி. திறக்காமல் அடித்தீர்களா?"

வேதாரண்யம் கோயில் கதவைத் திறக்க அப்பர் ஒரு பதிகம் முழுக்கப் பாட வேண்டியிருந்தது என்பார்கள்; சம்பந்தர் ஒரே பாட்டில் மூடிவிட்டாராம். நான் இருநூறு அடி அடித்துத் திறக்காத கதவு இவருடைய நகத்துக்குத் திறந்துவிட்டது. சென்னையில் நான் சைக்கிள் வாங்கிய கடையில் அவர்களே காற்றடித்துக் கொடுத்துவிடுவார்கள். எட்டு மாதமாக அந்தத் திருகை நான் ஓர் அலங்காரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கினார். குமிழி வந்த இடத்தைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதி, காய்வதற்குள் என் பூர்விகத்தை விசாரித்து முடித்தார். பிறகு ஒட்டுத்துண்டை வைத்துச் சுத்தியலால் நான்கு தட்டு. முப்பது ரூபாய். கடையைச் சாத்திக்கொண்டே, "வேதாரண்யம்தானே? நானும் வருகிறேன், மாட்டுக்குத் தவிடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்" என்றார். நான் ஐயோ பாவம் என்று நினைத்தேன். அவரை நினைத்துத்தான்.

அவருடையது கறுப்பு நிறப் பழைய சைக்கிள். கேரியரில் தவிட்டு மூட்டை. உப்பளத் திறப்புக்கு வந்ததும் நான் மறுபடியும் 11க்கு இறங்கினேன். அவர் இறங்கவில்லை. ஐம்பது அடி முன்னால் போனவர் நின்று திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, மூட்டைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வாருங்கள். காற்று படாது."

பெரிய பந்தயங்களில் வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒளிந்து ஓட்டுவதை நான் எத்தனையோ முறை தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் தவிட்டு மூட்டைக்குப் பின்னால் ஒளிந்ததாகத் தெரியவில்லை. ஆனால் மூட்டை நல்ல அகலம். பெரியவரின் மடித்துக் கட்டிய வேட்டி வேறு பாய்மரம் மாதிரி விரிந்து மறைத்தது. கால் லேசாகிவிட்டது. மூட்டையின் வாயிலிருந்து தவிடு மட்டும் பறந்து பறந்து என் பல்லில் ஒட்டியது.

அவர் பேச்சை நிறுத்தவே இல்லை. 2018 கஜா புயலில் தன் கடைத் தகரக் கூரை எந்தத் தோப்பில் கிடந்தது என்று சொன்னார். அதைப் பார்த்த ஊரில் இதையெல்லாம் காற்று என்று சொல்ல மாட்டார்களாம். அகத்தியம்பள்ளி நினைவுத்தூண் பக்கம் வந்ததும் ஒரு கையை விட்டுக் காட்டினார். "இங்கேதான் உப்பு அள்ளினார்கள். ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்தே வந்தார்." 1930 ஏப்ரல் 13 புறப்பட்டு 28இல் வந்து சேர்ந்தார்கள், ஏறத்தாழ 240 கிலோமீட்டர், சுமார் நூறு பேர், கோடை வெயிலில். எனக்கும் தெரிந்த செய்திதான். சொல்ல மூச்சு இல்லாததால் "ம்" என்றேன்.

எங்கள் தெரு முனையில் அவர் திரும்பிப் போயிருக்கலாம். மாப்பிள்ளையைப் பாதி வழியில் விடுவது முறையல்ல என்று தெருவுக்குள்ளேயே வந்தார். வந்ததோடு மணியையும் அடித்துக்கொண்டே வந்தார். எதிர்வீட்டுத் திண்ணை, பக்கத்து வீட்டு மாடி, எல்லா இடத்திலும் தலைகள். தவிட்டு மூட்டைக்குப் பின்னால் முகமெல்லாம் தவிடாக நான்.

"எங்கே கிடைத்தார்?" என்று பெரியம்மா அவரிடம்தான் கேட்டார்.

மறுநாள் காலை சைக்கிளைக் காரில் கட்டப் போனேன். கைப்பிடியில் பளபளவென்று ஒரு மணி. மாமனார் நாளிதழை மடித்து வைத்தார்.

"நேற்றே கடைத்தெருவுக்குப் போய் வாங்கி வந்துவிட்டேன், மாப்பிள்ளை. கேரியர்தான் உங்கள் வண்டிக்கு அளவு சேரவில்லை. தீபாவளிக்குள் செய்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்."