தார் மணலில், ஆபு மலையில் பல்லி பிடித்த நாட்கள்

ஆய்வுக்காகப் பல்லி பிடிக்கப் போனேன் என்றால் எல்லாரும் கேட்பது எப்படிப் பிடித்தாய் என்றுதான். முதலில் ராஜஸ்தான் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும், அது இல்லாமல் ஒன்றையும் தொடவில்லை. பிடிக்கும் வித்தை அப்புறம் பழகிவிடும்.

ஜெய்சல்மருக்கு மேற்கே சாம் மணல்மேடுகளில் விடியும்போதே இறங்கிவிடுவோம். இரவுக் காற்று துடைத்து வைத்த மணல்மேல் யாரோ விரலால் நெளிநெளியாகக் கோடு இழுத்ததுபோல் ஒரு தடம் ஓடும். மணலுக்குள் நீந்திப் போகும் சின்ன அரணை அது. கோடு முடியும் இடத்தில் இரண்டு கையாலும் மணலோடு அள்ள வேண்டும், கொஞ்சம் யோசித்தாலும் போச்சு. வெயில் ஏறியதும், கால்விரல் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி செதில் வைத்த மணல் பல்லிகள் புதருக்குப் புதர் ஓடும். அவற்றுக்குத் தூண்டில் கழியின் நுனியில் தங்கூசியால், அதாவது நைலான் தூண்டில் நரம்பால், ஒரு சுருக்கு. நம் நிழல் அதன்மேல் விழாமல் நெருங்கி, தலைவழியாக மாட்டி, சட்டென்று தூக்கி, உடனே கையில் வாங்கிவிட வேண்டும்.

மூன்றாம் நாள், பிடித்த பல்லிகளைப் போட்டிருந்த துணிப்பைகளை ஜீப்பின் நிழலில் வைத்துவிட்டு அளவெடுத்துக்கொண்டிருந்தேன். நிழல் நகர்ந்ததைக் கவனிக்கவில்லை. ஒரு பையில் இருந்தது செத்துப்போயிருந்தது. ரொம்ப நேரம் எதுவும் ஓடவில்லை. பிறகு டிஎன்ஏ ஆய்வுக்காக அதன் ஈரல் துண்டை எத்தனால் என்கிற ஆல்கஹாலில் போட்டு, அதற்குப் பிறகே உடலை அழுகாமல் காக்கும் ஃபார்மலினில் வைத்தேன், ஏனென்றால் ஃபார்மலின் பட்டால் டிஎன்ஏ கெட்டுவிடும். அன்றிலிருந்து பைகளெல்லாம் ஈரத்துணி போர்த்திய தெர்மாகோல் பெட்டிக்குள்தான்.

ஆபு மலையில் வேலையெல்லாம் இரவில். நெற்றி விளக்கைப் பாறையில் அடித்தால் பல்லியின் கண் மின்னும், கிட்டே போவதற்குள் இடுக்குக்குள் புகுந்துவிடும். வாலைப் பிடித்தால் வால் மட்டும்தான் கையில் மிஞ்சும். மெல்லிய குச்சியால் பின்னாலிருந்து தள்ளி, வெளியே வரும்போது உள்ளங்கையால் மூடுவோம்.

புதிதாகப் போகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: பிடித்த அந்த நிமிஷமே இடம், நேரம், மண்ணா பாறையா என்று பென்சிலால் எழுதிப் பைக்குள்ளேயே போடுங்கள். அறைக்கு வந்து எழுதலாம் என்று விட்ட இரண்டு பைகளில் எது எந்தப் பாறையிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாமல் போனது. அவற்றின் அளவுகளை ஆய்வில் சேர்க்க முடியவில்லை, அதைவிட, எந்த இடுக்கில் கொண்டுபோய் விடுவது என்றும் தெரியவில்லை. இரண்டு பாறைக்கும் நடுவில் விட்டுவிட்டு வந்தேன். இன்னும் உறுத்துகிறது.