முதலில் வகுப்பறை, பிறகுதான் திடல்

என் மகள் கோலாலம்பூரில் ஓர் இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவம் படிக்கிறாள். பள்ளிக் காற்பந்து அணியில் தற்காப்பு ஆட்டக்காரர். மாவட்டப் போட்டி ஒன்றில் உயரப் பந்துக்குத் தாவியபோது எதிரணிப் பெண்ணின் தலையோடு மோதிக்கொண்டாள். விழுந்தாள், எழுந்தாள், ஓடினாள். மயக்கமும் இல்லை, இரத்தமும் இல்லை. பயிற்சி தரும் ஆசிரியர் அவளை ஓரமாக அழைத்து, “இது எந்தத் திடல்? கடைசி கோலை அடித்தது யார்?” என்று கேட்டிருக்கிறார். திடலின் பெயரைச் சரியாகச் சொன்னவள் கோல் விஷயத்தில் விழித்தாள். உடனே அவளை உட்கார வைத்துவிட்டார். பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டால் அடிபட்ட பிள்ளையும் ஒப்பித்துவிடும். சற்றுமுன் நடந்ததைக் கேட்டால்தான் தடுமாற்றம் வெளிப்படும். அந்த மனிதருக்குக் காலமெல்லாம் நன்றி சொல்வேன்.

அவசரப் பிரிவில் ஸ்கேன் எடுத்தார்கள். படத்தில் ஒன்றுமில்லை, ஆனால் இது மூளை அதிர்வு (concussion) என்று சொல்லிக் கட்டுப்பாடுகள் விதித்தார்கள். “ஒன்றுமில்லை என்றால் பிறகு எதற்கம்மா இத்தனை கட்டுப்பாடு?” என்றார் மாமியார். நியாயமான கேள்விதான். எலும்பு முறிவும் இரத்தக் கசிவும் ஸ்கேனில் தெரியும். மூளை அதிர்வு என்பது செல்கள் வேலை செய்வதில் ஏற்படும் குழப்பம், அது படத்தில் விழாது என்று மருத்துவர் விளக்கினார். தலைவலி ஏறிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், கைகால் மரத்தால், எழுப்பினாலும் எழாவிட்டால் உடனே திரும்பி வரவேண்டும். மற்றபடி தூங்கட்டும் என்றார். மாமியார் அதை ஏற்கவில்லை. தைலப் புட்டியோடு விடியும்வரை கட்டிலருகே உட்கார்ந்திருந்தார்.

இருட்டறையில் படுத்தே கிடப்பது பழைய வைத்தியமாம். முதல் இரண்டு நாள் ஓய்வு, வீட்டுக்குள் நடமாட்டம், கைப்பேசி மட்டும் கூடியவரை வேண்டாம் என்றார்கள். மூன்றில் எது சண்டையில் முடிந்தது என்று பிள்ளை பெற்றவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

உண்மையான சிரமம் அதன்பிறகு தொடங்கியது. மருத்துவ விடுப்பு முடிந்தால் பிள்ளை குணமாகிவிட்டாள் என்பது பள்ளியின் கணக்கு. எல்லோரும் எப்போது ஆடுவாள் என்று கேட்டார்களே தவிர, எப்படிப் படிக்கிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கூடுதல் கணிதத்தில் ஒரே கேள்வியை மூன்று முறை படித்துவிட்டு, கட்டைவிரலால் புருவத்தை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். விளையாட்டு மருத்துவரிடம் சொன்னேன். விடுப்புச் சீட்டோடு நிறுத்தாமல் தனியாக ஒரு கடிதம் தந்தார், மலாய் மொழியில்: முதலில் அரை நாள் வகுப்பு, இடையிடையே ஓய்வு, இப்போதைக்குத் தேர்வு வேண்டாம், உடற்கல்வி கூடாது. வகுப்பாசிரியர், ஆலோசக ஆசிரியர், பயிற்றுநர் மூவருக்கும் நகல் கொடுத்தேன். கடிதம் போன பிறகே பேச்சு மாறியது. உங்கள் பிள்ளைக்கு இப்படி நேர்ந்தால் இதைக் கேட்டு வாங்காமல் மருத்துவமனையை விட்டு வராதீர்கள்.

திடலுக்குத் திரும்ப ஆறு படிகள். 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் சீர்செய்த வரிசை அது. அன்றாட வேலை, மெதுவான உடற்பயிற்சி, தனியாகப் பந்துப் பயிற்சி, மோதலில்லாக் குழுப் பயிற்சி, மருத்துவர் அனுமதித்தபின் முழுப் பயிற்சி, கடைசியில் ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். தொடக்கப் படிகளில் தலைவலி பத்துக்கு இரண்டு புள்ளி வரை கூடி, ஒரு மணி நேரத்துக்குள் அடங்கினால் பரவாயில்லை. மிஞ்சினால் அன்றைக்கு நிறுத்தம். வேகநடைக்குத் தித்திவங்சா ஏரிப் பூங்காவுக்குப் போனோம். மாலையில் கூட்டமும் பாட்டுச் சத்தமும் அவளுக்கு ஒத்துவரவில்லை, காலைக்கு மாற்றினோம்.

இதற்கிடையில் இறுதியாட்டம் நெருங்கியது. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் “சின்ன அடிதானே” என்றார்கள், என் தம்பியும், “அக்கா, நாங்கள் படாத அடியா?” என்றான். அவனுக்கு ஸாக்கரி லிஸ்டெட் கதையைச் சொன்னேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2006-ல் அடிபட்ட 13 வயதுப் பையன். அதே ஆட்டத்தில் மறுபடி இறக்கப்பட்டு, மூளையில் இரத்தம் கசிந்து, உயிர் பிழைத்ததே பெரும்பாடு. மருத்துவ அனுமதிக் கடிதம் இல்லாமல் மாணவரை ஆடவிடக்கூடாது என்று 2009-ல் அங்கே சட்டமே வந்தது. தம்பி அதற்குமேல் பேசவில்லை.

பிள்ளைகளுக்குப் பொதுவாக நான்கு வாரம் ஆகும் என்றார்கள். இவளுக்குக் கொஞ்சம் கூடவே ஆனது. தலையால் பந்தை முட்டக் கடைசியில்தான் அனுமதித்தார்கள். அதற்குள் இறுதியாட்டம் முடிந்து அணி தோற்றுப்போயிருந்தது. தான் இல்லாததுதான் காரணம் என்று இன்னமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.