வெள்ளை நிறத்தில் ஒரு காபி புட்டிங்

காபி புட்டிங் என்றால் டிகாக்‌ஷனைப் பாலில் ஊற்றிச் செய்வதுதான் வழக்கம். பழுப்பாக வரும். சாப்பிட்டால் ஆறிப்போன காபியைக் கெட்டியாக்கின மாதிரி இருக்கும். நான் செய்வதில் டிகாக்‌ஷன் ஒரு சொட்டுகூடக் கிடையாது. வறுத்த காபிக் கொட்டையை அரைக்காமல் முழுசாகப் பாலில் போட்டு, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். காலையில் வடிகட்டினால் பால் ஏறக்குறைய பால் நிறத்திலேயே இருக்கும். ஒரு ஸ்பூன் வாயில் வைத்தால் அப்படியே காபி!

சுடுதண்ணீர் பட்டால் கொட்டையிலிருந்து மணத்தோடு சேர்ந்து கசப்பும் இறங்கிவிடும். சில்லென்ற பாலில் கசப்பு அவ்வளவாக இறங்காது. மணத்தைப் பாலில் உள்ள கொழுப்பு பிடித்துக்கொள்ளும். அதனால்தான் ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டும் ஃப்ரெஷ் கிரீமும் சேர்க்கிறேன். தண்ணீர்ப் பாலில் இது சரிப்படாது.

இப்படிச் செய்யும்போது கொட்டை நல்லதாக இருந்தாக வேண்டும், மறைக்க ஒன்றும் இல்லை. சேலத்தில் இருப்பவர்களுக்கு இது ஒரு கவலையே இல்லை. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில் சேர்வராயன் மலைக்கு வந்த காபிச் செடி, இன்றும் சில்வர் ஓக் நிழலில், மிளகுக்கொடிகளுக்கு நடுவே நிற்கிறது. மலையில் நல்ல உயரத்தில் அராபிகா வகைக் காபி விளைகிறது. நாகலூர்ப் பக்கம் எங்கள் சொந்தக்காரர் தோட்டத்தில் மார்கழி, தை மாதங்களில் பழம் பறிப்பார்கள். அங்கிருந்து வரும் கொட்டையைத்தான் வறுத்து வைத்துக்கொள்கிறேன். கடையில் வாங்கினால் பீபெரி, பிளாண்டேஷன் ஏ என்ற தரங்களில் ஒன்றைக் கேளுங்கள், முழுக்கொட்டையாக. சிக்கரி கலந்த தூள் இதற்கு வேண்டவே வேண்டாம். வறுவலும் கருகக் கூடாது. பட்டை நிறத்துக்குச் சற்று மேலே போதும். எண்ணெய் மினுங்கும் கறுப்புக் கொட்டையைப் பாலில் ஊறவைத்தால் சாம்பல் வாடை வரும்.

அடுத்து, புட்டிங்கில் கடைசியாகச் சேர்க்கும் லிக்கர், அதாவது காபி மணமுள்ள இனிப்பு மது. மெக்சிகோவின் கலுவா என்ற லிக்கரும் ரம், காபி, சர்க்கரை சேர்ந்ததுதான். அது கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம். நான் வீட்டிலேயே செய்கிறேன். கால் லிட்டர் கறுப்பு ரம்மில் 40 கிராம் கொட்டையை ஒன்றிரண்டாக நசுக்கிப் போட்டு, கண்ணாடி பாட்டிலில் இரண்டு நாள் மூடி வைக்க வேண்டும். பிறகு துணியில் வடிகட்டி, 150 கிராம் நாட்டுச்சர்க்கரையை 150 மில்லி தண்ணீரில் காய்ச்சி ஆறவைத்த பாகையும், கீறின வெனிலாக் காய் பாதியையும் சேர்த்து ஒரு வாரம் விட்டுவிடுங்கள். வெள்ளைச் சர்க்கரையிலும் வரும், ஆனால் நம் ஊர் ரம்மே கரும்பு மொலாசஸிலிருந்து வருவது. நாட்டுச்சர்க்கரையிலும் அதே மொலாசஸ் இருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று இழைந்துவிடும். இதை மோந்து பார்க்கும்போது வரும் வாசனைக்காகவே நான் இந்தப் புட்டிங்கைச் செய்கிறேன் என்றாலும் தப்பில்லை.

கெட்டியாக்க ஜெலட்டின் போடுவதில்லை. மாட்டு எலும்பு, பன்றித்தோலில் இருந்து எடுப்பது என்பதால் எங்கள் வீட்டில் சேராது. இன்னொரு காரணம் சேலத்து வெயில். ஜெலட்டின் வாய்ச்சூட்டிலேயே உருகும் பொருள். சித்திரையில் ஃபிரிட்ஜை விட்டு வெளியே எடுத்துப் பரிமாறுவதற்குள் தளர்ந்துவிடும். கடற்பாசியிலிருந்து எடுக்கும் சைனா கிராஸ் (அகர் அகர்) அப்படி இல்லை, 80 டிகிரிக்கு மேல் போனால்தான் உருகும். ஆனால் வாயிலும் உருகாது என்பதால் அளவைக் குறைத்துப் போட வேண்டும். தட்டினால் ஆட வேண்டும், அந்தப் பதம்.

சரி, அளவு. காய்ச்சி ஆறவைத்த பால் 400 மில்லி, கிரீம் 200 மில்லி, கொட்டை 60 கிராம். ராத்திரி ஊறினதை வடிகட்டி, 70 கிராம் சர்க்கரை போட்டு, ஆவி வரும்வரை மட்டும் சூடாக்குங்கள். 4 கிராம் சைனா கிராஸைக் கால் மணி நேரம் ஊறவைத்து, 100 மில்லி தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஒரு இழைகூடத் தெரியாமல் கரைக்க வேண்டும். இரண்டும் சூடாக இருக்கும்போதே சேர்க்க வேண்டும். குளிர்ந்த பாலில் ஊற்றினால் பட்ட இடத்திலேயே உறைந்து நூல் நூலாகத் திரிந்து நிற்கும், அப்புறம் எத்தனை கிண்டினாலும் சேராது.

லிக்கர் கடைசியில்தான். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை வெறும் கையால் தொடும் அளவு ஆறினபின் மூன்று மேசைக்கரண்டி. கொதியில் ஊற்றினால் மணம் போய்விடும். கொதிக்காததால் மதுவும் அப்படியே இருக்கும் என்பது ஞாபகம் இருக்கட்டும். அதனால் பிள்ளைகளுக்கும், தொடாத பெரியவர்களுக்கும் முன்பே தனியாக எடுத்து ஊற்றிவிடுவேன். அதைக் கண்ணாடிக் கிண்ணத்தில், லிக்கர் சேர்த்ததை எவர்சில்வர் டம்ளரில். மாறவே மாறாது.

என் மாமியார் முதலில் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, “ஏங்கண்ணு, காபி போட மறந்துட்டியா?” என்றார். ஒரு வாய் சாப்பிட்டபின் பேச்சே இல்லை, கிண்ணம் மட்டும் மறுபடி நீண்டது.

நாலு மணி நேரம் குளிர்ந்தால் போதும். பரிமாறும்போது டம்ளரில் உள்ளதன் மேல் ஒரு ஸ்பூன் லிக்கரை விடுங்கள். வெள்ளைமேல் கறுப்பாகப் பரவி ஓரத்தில் இறங்கும். ஃபிரிட்ஜில் வைக்கும்போது மூடியே வையுங்கள், கிரீம் பக்கத்தில் உள்ள மாவு, வெங்காய வாடையை இழுத்துக்கொள்ளும். மூன்றாம் நாள் தண்ணீர் விட ஆரம்பிக்கும், அதற்குள் சாப்பிட்டுவிடுங்கள்.